டேமேஜ் இல்லாத ஈக்கள்

வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து ஈ ஓட்டுகிறார் என்பார்கள். நான் மூன்று மாதம் நிஜமாகவே ஈயோடு மாரடித்தேன். ஈ பிடித்தேன், ஈ எண்ணினேன், ஈக்கு வாழைப்பழம் வாங்கப் போய்ப் பழக்கடைக்காரரிடம் “அழுகினதா இருந்தாக் குடுங்க” என்று கேட்டு முறைப்பு வாங்கினேன். ஆசிரியர் அறையில் கணக்கு வாத்தியார் தினமும் ஒரே நகைச்சுவையைச் சொன்னார். “டீச்சருக்கு இன்னைக்கு எத்தனை ஈங்க?” என்பார். ஒரு நாளும் நான் அவருக்கு நல்ல முகத்தோடு பதில் சொன்னதில்லை. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், போவதற்கு நாளாகும். ஆனால் இந்த விஷயத்தில் நான் கோபப்பட வேண்டிய ஆள் கணக்கு வாத்தியார் இல்லை.

நான் திருப்பூரில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். எங்கள் பிள்ளைகள் பெரும்பாலும் மண்ணரைப் பக்கத்து லைன் வீடுகளிலிருந்து வருகிறவர்கள். அப்பா அம்மா இருவரும் பனியன் கம்பெனிக்குப் போகிற வீடுகள். மதுரைத் தமிழ் பேசுகிற பிள்ளையும் இந்தி பேசுகிற பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கொங்குத் தமிழில் சண்டை போடும். ஞாயிற்றுக்கிழமையும் பரீட்சை விடுமுறையும் வந்தால் வகுப்பில் பாதி கம்பெனியில் இருக்கும். உயிரியல் எடுத்தவர்களிடம் என்ன ஆகப் போகிறாய் என்று கேட்டால் டாக்டர் என்பார்கள். அது கிடைக்காவிட்டால் நர்ஸ். அதுவும் கிடைக்காவிட்டால் என்ன என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், எல்லோருக்கும் தெரியும். ஓர் உயிரைப் பார்த்துக்கொண்டே இருப்பதற்குச் சம்பளம் கொடுக்கிற இடமும் உலகத்தில் இருக்கிறது, அதற்கு ஆராய்ச்சி என்று பெயர் என்று நான் சொன்னால், மிஸ் கதை விடுகிறார் என்று பார்ப்பார்கள்.

அந்த வேலைமேல் எனக்கு ஒரு காலத்தில் பைத்தியமே இருந்தது. கோயம்புத்தூரில் எம்.ஃபில். படித்தபோது ஒரு வருடம் நத்தைகளோடு குடித்தனம் நடத்தினேன். பிறகு அரசு வேலை வந்தது, கல்யாணம் வந்தது, நத்தைகளைக் குளத்தில் விட்டுவிட்டு வந்தேன். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பின்னால் நான் செய்த காரியத்தில் இந்தப் பழைய ஆசைக்கும் பங்கு உண்டு.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் செய்முறை வகுப்பில் விடை முன்பே தெரிந்திருக்கும். ரெக்கார்டு நோட்டு என்பது போன வருடத்துப் பிள்ளையின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதுவது. ஒரு வருடம் அயோடின் பாட்டில் பழசாகி நிறமே போய்விட்டது. உருளைக்கிழங்குத் துண்டில் விட்டால் வெறும் தண்ணீர் விட்ட மாதிரிதான் இருந்தது. அந்த வருடமும் எல்லா ரெக்கார்டு நோட்டிலும் மாவுப்பொருள் ஒழுங்காகக் கருநீலமாக மாறியிருந்தது. நான் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டேன்.

ஈ வந்த கதைக்கு வருகிறேன். வேறு மாநிலத்திலிருக்கும் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து பள்ளிக்குக் கடிதம் வந்தது. பழத்தை மொய்க்கிற சின்ன ஈக்களை மாணவர்கள் அவரவர் ஊரில் பிடித்து, உருப்பெருக்கியில் பார்த்து, ஒவ்வொன்றையும் பதிய வேண்டும். ஆண் எத்தனை, பெண் எத்தனை, கண், இறக்கை, மயிர் எல்லாம் வழக்கம்போல் இருக்கிறவை எத்தனை, மாறியிருக்கிறவை எத்தனை. உருப்பெருக்கியை அவர்களே இரவல் கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து நோட்டைப் பார்த்து, நேர்காணல் வைத்து, சிலரை எடுத்துக்கொள்வார்கள். எடுக்கப்பட்டவர் பன்னிரண்டாவது முடித்ததும் அங்கேயே தங்கிப் பட்டம் வரைக்கும் படிக்கலாம். சாப்பாடு, தங்குமிடம், படிப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு.

ஆறு பேர் கை தூக்கினார்கள். ஈயை ஐஸில் வைத்து மயக்கி, ஒல்லித் தூரிகையால் ஒவ்வொன்றாகப் புரட்ட வேண்டும் என்று தெரிந்ததும் நான்கு பேர் கையை இறக்கினார்கள். ஐந்தாவது ஆள் இரண்டாம் வாரத்தோடு நின்றுவிட்டான். மிச்சம் ஒருத்தி.

பன்னிரண்டாம் வகுப்பு. பேச்சு குறைவு. மதிப்பெண் நடுத்தரம்தான். அவள் அம்மா ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை செய்தார். தைத்து வருகிற பனியனை விளக்கு வெளிச்சத்தில் விரித்து, ஓட்டையோ கறையோ தையல் பிசகோ இருந்தால் அந்த இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் தனியே போடுகிற வேலை. எட்டாம் வகுப்பிலிருந்து விடுமுறை நாட்களில் மகளும் அம்மாவோடு அதே மேஜையில் நின்றிருக்கிறாள். அது தப்பு என்று எனக்குத் தெரியும், தலைமையாசிரியருக்குத் தெரியும், கம்பெனிக்கும் தெரியும்.

விஷயம் கேள்விப்பட்டு அம்மா ஒரு நாள் மதிய உணவு நேரத்தில் பள்ளிக்கு வந்தார். புடவைமேல் கம்பெனி கோட்டோடு, நின்றபடியே பேசினார்.

“டீச்சருங்க, நான் வெளிப்படையாச் சொல்லிப்போடறனுங்க. இவங்கப்பா ரைசிங் மிஷின்ல பதினாறு வருசம் நின்னாருங்க. துணியச் சொரண்டிப் பஞ்சு பஞ்சா வர வெக்கற மிஷினுங்க அது. அந்தப் பஞ்சு பூராவும் நெஞ்சுக்குள்ள போயிருச்சு. இப்ப பாத்ரூம் போயிட்டு வந்தாவே மூச்சு வாங்குது. பன்னெண்டாவது முடிச்சதும் இவளை எங்கூடவே சேத்தர்றதுன்னு மேனேஜருகிட்டச் சொல்லி வெச்சுட்டனுங்க. நீங்க சொல்ற அந்த எடம் கெடச்சா அனுப்பறனுங்க. சோறும் எடமும் அவியளே குடுத்துப் படிக்க வெக்கறாங்கன்னா எனக்கென்னங்க வலிக்குது? கெடைக்கலீன்னா எங்கூட வந்துருவா. அப்பறம் நீங்க ஊட்டுக்கு வந்து பேசப்புடாதுங்க.”

“கிடைக்குங்க” என்றேன். அவ்வளவு உறுதியாகச் சொல்ல எனக்கு என்ன உரிமை இருந்தது என்று தெரியவில்லை.

அழுகின வாழைப்பழம் போட்ட பாட்டில்களை மூன்று இடங்களில் கட்டினோம். ஒன்று பள்ளிச் சுவருக்கு வெளியே ஜூஸ் கடைக்குப் பின்னால், ஒன்று அவளுடைய லைன் வீட்டில் குழாயடி ஓரம், ஒன்று கம்பெனி கேன்டீன் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில். ஐஸ் ஜூஸ் கடைக்காரர் உபயம். பள்ளி விட்டதும் அவள் பாட்டில்களை எடுத்து வந்து, ஐஸ் டப்பாவுக்குள் புதைத்து, ஈக்கள் அசைவற்றுப் போனதும் வெள்ளைக் காகிதத்தில் கொட்டிக்கொண்டு உட்காருவாள்.

அவள் பார்க்கிற விதம் இருக்கிறதே, அதைச் சொல்லியே ஆக வேண்டும். செக்கிங்கில் ஒரு பனியனைப் பார்க்க ஒரு வரிசை உண்டாம். கழுத்து, தோள், வலது கை, இடது கை, பக்கவாட்டுத் தையல், அடிமடிப்பு. எந்த அவசரத்திலும் வரிசை மாறக் கூடாது. ஈயையும் அவள் அதே மாதிரிதான் பார்த்தாள். தலை, முதுகு, வலது இறக்கை, இடது இறக்கை, வயிறு, கால். தூரிகையால் ஒரு புரட்டு, அடிப்பக்கம். நான் ஒரு ஈயைக் கண்டுபிடித்துக் குவியத்துக்குள் கொண்டுவருவதற்குள் அவள் ஐந்தை முடித்திருப்பாள். என் வாழ்க்கையில் இப்படி ஒரு கண்ணை நான் பார்த்ததில்லை. எம்.ஃபில். காலத்து வழிகாட்டிக்குக்கூட இந்தக் கண் கிடையாது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு நாள் உருப்பெருக்கியிலிருந்து தலையை எடுக்காமலே கேட்டாள். “மிஸ், அங்க போனா தெனமும் இதே வேலைங்களா?”

“இது மாதிரிதான். ஏன், சலிச்சுப் போச்சா?”

“இல்லீங்க மிஸ். பாத்துக்கிட்டே இருக்கலாமுங்களா, யாரும் பண்டல் முடிச்சயான்னு கேக்க மாட்டாங்களா?”

கேட்க மாட்டார்கள் என்றேன். அவள் சிரித்தாள். அவள் எனக்கு முன்னால் பல் தெரியச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அந்த மாதத்தில்தான் பள்ளிக்கு ஆய்வு வந்தது. அதிகாரி வருகிறார் என்றால் எங்கள் பள்ளியில் என்ன நடக்கும் என்று வெளியாருக்குத் தெரியாது, எங்களுக்குப் பழக்கம். வாசிக்கத் தடுமாறுகிற பிள்ளைகளை அன்றைக்கு லீவு போடச் சொல்வோம். ஆய்வகத்தில் உடைந்த உருப்பெருக்கி, விரிசல் விட்ட குடுவை, கால் ஆடுகிற ஸ்டூல் எல்லாம் கழிப்பறைக்குப் பின்னால் போய்த் தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்துகொள்ளும். அவற்றைத் தூக்கிக்கொண்டு போன பிள்ளைகளில் அவளும் ஒருத்தி. நான்தான் அனுப்பினேன். ஸ்டூலைத் தூக்கிக்கொண்டே, “கம்பெனிலயும் சரக்கு வாங்கற பையர் வந்தா இப்பிடித்தானுங்க மிஸ். டேமேஜ் பூராவும் மூட்டை கட்டி மொட்டமாடிக்குப் போயிரும். ஒண்ணு கண்ணுல பட்டாலும் ஆர்டர் போயிருமுங்க” என்றாள். நான் “வேகமா நட கண்ணு” என்றேன்.

ஆய்வு முடிந்த அடுத்த நாள். அரசு கேட்ட ஏதோ மாணவர் விவரத்தைக் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பெயருக்கும் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. மாலைக்குள் முடிக்காவிட்டால் விளக்கம் எழுத வேண்டும் என்று தலைமையாசிரியர் இரண்டு முறை வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

“மிஸ், டேமேஜா சிலது வருதுங்க. தனியா எடுத்து வெச்சறட்டுங்களா?”

“வை.”

“அந்த மாறுனதுன்னு ஒரு கட்டம் இருக்குதுங்களே, அதுல என்னங்க எழுதறது?”

“அதான் எடுத்து வெச்சுட்டியே. பூஜ்யம் போடு, போ.”

தலையை நிமிர்த்தக்கூட இல்லை. அந்தக் கட்டம் எதற்காக இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த மூன்று மாத வேலையே அந்த ஒரு கட்டத்துக்காகத்தான். மாறிப் பிறந்த ஈயைத்தான் அவர்கள் தேடினார்கள், மற்றதெல்லாம் அதை எண்ணுவதற்கான துணை. இது எனக்கு இருபது வருடமாகத் தெரியும். ஆனாலும் சொன்னேன். அவளை அந்த இடத்தைவிட்டு அனுப்புவதற்காகச் சொன்னேன்.

அதற்குப் பிறகு வாராவாரம் நோட்டு என்னிடம் வந்தது. பக்கம் பக்கமாகக் கட்டங்கள், அச்சடித்த மாதிரி எண்கள், கடைசிக் கட்டத்தில் மட்டும் மேலிருந்து கீழ்வரை பூஜ்யம். ஒரு தடவை எனக்கு லேசாகச் சுருக்கென்றது. இத்தனை ஈயில் ஒன்றுகூடவா இல்லை? அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். பார்க்க அவ்வளவு சுத்தமாக இருந்தது. எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கை அப்படிப் பழகிப் போயிருந்தது.

நேர்காணல் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் நடந்தது. அவளுக்குச் சீருடையே நல்ல உடுப்பு, அதை இஸ்திரி போட்டு உடுத்தி வந்தாள். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் நோட்டை மூன்று நாள் வைத்துப் படித்திருக்கிறார் என்பது பேச்சிலேயே தெரிந்தது. தமிழ்க்காரர், நிதானமானவர். வழிகாட்டி ஆசிரியர் என்று எனக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். “மேடம், நீங்களும் ஆராய்ச்சி பண்ணியிருக்கீங்களாமே?” என்று கேட்டார். நத்தைகளைப் பற்றிச் சொன்னேன். ஆர்வமாகக் கேட்டுக்கொண்டார். அந்த ஐந்து நிமிடம் எனக்கு எவ்வளவு இனித்தது என்பதை இப்போது நினைத்தால் என்னையே அறைய வேண்டும்போல் இருக்கிறது.

பிறகு அவள் பக்கம் திரும்பினார். ஆணையும் பெண்ணையும் எப்படிப் பிரித்தாய் என்று கேட்டார். ஆணுக்கு வயிற்று நுனி கறுப்பு, முன்னங்காலில் சீப்பு மாதிரி மயிர் என்று சொன்னாள். தலையாட்டினார்.

“இந்தக் கடைசிக் கட்டத்துல எல்லாமே பூஜ்யமா இருக்கேம்மா. இவ்வளவு ஈ பார்த்த வேற யாருக்கும் இப்படி வரலை. நீ ஒண்ணுகூடப் பார்க்கலையா?”

அவளுக்குக் கேள்வி புரியவில்லை. கம்பெனியில் கடைசியில் பூஜ்யம் வந்தால் பாராட்டுவார்கள். இங்கே ஏன் முகம் மாறுகிறது என்று மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“வந்துச்சுங்க சார். எடுத்துட்டனுங்க.”

“எடுத்துட்டியா? எடுத்துட்டுப் பூஜ்யம்னு எழுதினியா?”

“ஆமாங்க.”

“அப்படி எழுதணும்னு யாரும்மா சொன்னா?”

எனக்குக் கைப்பேசித் திரையில் சுற்றிய சக்கரம் வரைக்கும் அந்த நொடியில் ஞாபகம் வந்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மேஜைமேல் இருந்த நோட்டைப் பார்த்தாள்.

“யாரும் சொல்லலீங்க. நானாத்தானுங்க.”

கம்பெனியில் பீஸ் திரும்பி வந்தால் சூப்பர்வைசர் பெயரை யாரும் இழுக்க மாட்டார்கள். மேஜையில் நின்ற பெண் தலையைக் குனிந்துகொள்வாள், அத்தோடு முடிந்துவிடும். அவளுக்குத் தெரிந்த முறை அது. எனக்கு அப்படி ஒரு முறையும் கிடையாது. எனக்கு வாய் இருந்தது, பக்கத்திலேயே நாற்காலி இருந்தது.

அவர் என்னிடம் கேட்டார். “மேடம், இதை நீங்க கவனிக்கலையா?”

“எனக்குத் தெரியாதுங்க சார்” என்றேன்.

இதை எத்தனையோ விதமாக எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். பதற்றம் என்று, திடீரென்று கேட்டுவிட்டார் என்று. அதெல்லாம் இல்லை. சற்றுமுன் என்னையும் ஓர் ஆராய்ச்சியாளராக மதித்துப் பேசிய மனிதர் முன்னால் அந்தக் கட்டம் எதற்கென்றே தெரியாத மக்காக உட்கார எனக்கு மனம் வரவில்லை. அதற்காக ஒரு பெண்பிள்ளையின் வாழ்க்கையை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

அவர் அவளைத் திட்டவில்லை. “அறிவியல்ல கண்ணால பார்த்ததை மறைக்கறதுதாம்மா பெரிய தப்பு” என்று மெதுவாகச் சொல்லி நோட்டை மூடினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பேருந்தில் அவளை ஜன்னலோரம் உட்கார வைத்தேன். வண்டி அவிநாசியைத் தாண்டியது. பிறகு அவளே சொன்னாள். “மிஸ், அந்த டேமேஜ் ஈயெல்லாம் லேப் அலமாரில கீழ்த்தட்டுல இருக்குதுங்க. அட்டைப்பொட்டில. வேணும்னாப் பாருங்க.”

நான் தூக்கிப்போட்டிருப்பாள் என்றுதான் நினைத்திருந்தேன். செக்கிங்கில் டேமேஜைத் தூக்கிப்போட மாட்டார்கள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. எண்ணிக் கட்டித் தனியே வைப்பார்கள்.

மறுநாள் காலை முதல் மணி அடிக்கும் முன்பே அலமாரியைத் திறந்தேன். பனியன் வருகிற அட்டைப்பெட்டி. உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக வெட்டிய அட்டைகள். ஒவ்வொரு அட்டையிலும் வரிசையாக ஈக்கள், இறக்கை மடங்காமல் செல்லோடேப்புக்கு அடியில் படுத்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர், எங்கே பிசகோ சரியாக அந்த இடத்தைக் காட்டியது. கீழே பொடி எழுத்தில் தேதி, பாட்டில் எண், ஆணா பெண்ணா, என்ன பிசகு. ‘இடது றெக்கை ஓரம் கிழிசல்.’ ‘றெக்கை நரம்பு ஒண்ணு எச்சு.’ ‘கண்ணு ஷேடு மாத்தம்.’ ‘முதுகு மயிர் ரெண்டு இல்லை.’

‘றெக்கை நரம்பு ஒண்ணு எச்சு’ என்றிருந்ததை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தேன். ஒன்று அதிகமாகத்தான் இருந்தது. என் கண்ணுக்குத் தெரிய இரண்டு நிமிடம் ஆனது. முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். கணக்கு வாத்தியார் வாசல்வரை வந்தவர், அப்படியே திரும்பிப் போனார்.

முடிவு வர இன்னும் பத்து நாள் இருந்தது. பெட்டியைக் கொண்டுபோய் அவர்கள் முன்னால் வைத்திருந்தால் அவளைக் கட்டாயம் எடுத்திருப்பார்கள், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பெட்டியோடு ஒரு கடிதம் போக வேண்டும். கடிதத்தில் பூஜ்யம் எப்படி வந்தது என்று இருக்க வேண்டும். உட்கார்ந்து எழுதினேன், கிழித்தேன். மறுபடி எழுதினேன். நான் பொய் சொன்னது தெரிந்தால் இனி எங்கள் பள்ளிக்கே இந்தத் திட்டம் வராது, அடுத்த வருடப் பிள்ளைகளின் கதி என்ன என்று எனக்கு நானே ஒரு நியாயம் கட்டிக்கொண்டேன். பத்து நாளும் அப்படியே போனது. பட்டியல் வந்தது. அவள் பெயர் இல்லை.

பொதுத்தேர்வு எழுதினாள். நல்ல மதிப்பெண்ணே வந்தது. சான்றிதழ் வாங்க அம்மாதான் வந்தார்.

“ஒரு கல்லூரியிலயாவது...” என்று ஆரம்பித்தேன்.

“நாம பேசுன பேச்சுதானுங்க டீச்சர்” என்றார். குரலில் கோபம்கூட இல்லை. “திங்கக்கெழமயிலிருந்து வரச் சொல்லிட்டாங்க. போறப்ப வாரப்ப வேன் இருக்குதுங்க.” கையெழுத்துப் போட்டுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு, “நீங்களும் நெம்பச் சிரமப்பட்டீங்க” என்று வேறு சொன்னார். எனக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம்போல் இருந்தது.

அதன் பிறகுதான் பெட்டியை அனுப்பினேன். இனி யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை என்றானபின் எனக்குத் தைரியம் வந்துவிட்டது, அதைத் தைரியம் என்று சொல்லலாம் என்றால். கூடவே ஒரு கடிதம். மாணவிக்கும் ஆசிரியருக்கும் இடையே ஏற்பட்ட தவறான புரிதலால் இவை நோட்டில் பதியப்படவில்லை என்று எழுதினேன். அந்த வாக்கியத்தை ஒரு மணி நேரம் செதுக்கினேன். அதில் யாரும் எதையும் சொல்லவும் இல்லை, கேட்கவும் இல்லை.

பதில் மரியாதையாக வந்தது. மிக அருமையான சேகரிப்பு, ஒரு பள்ளி மாணவி இவ்வளவு நுட்பமாகப் பார்த்திருப்பது வியப்பு, இடங்கள் நிரம்பிவிட்டதற்கு வருந்துகிறோம். ஈக்களை எங்கள் சேகரிப்பிலேயே வைத்துக்கொள்ள அனுமதி வேண்டும். ஆக, ஈக்கள் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டன. அவற்றுக்குக் குளிரூட்டிய அறையும் இழுப்பறையும் கிடைத்தன.

அனுமதி கேட்க வேண்டியது அவளிடம்தான் என்பதால் கம்பெனிக்குப் போனேன். பதினொரு மணி டீ இடைவேளை. கேட்டுக்கு வெளியே ஒரு வேப்பமரம், அதைச் சுற்றிப் பெண்கள் டீயோடு நின்றார்கள். அவள் நீலக் கோட்டுடன் வந்தாள். கோட்டின் கைப்பட்டியில் நாலைந்து சிவப்பு அம்பு ஸ்டிக்கர்களை வரிசையாக ஒட்டி வைத்திருந்தாள், வேலையில் சட்டென்று எடுப்பதற்காக. என்னைப் பார்த்ததும் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, வகுப்பில் நிற்கிற மாதிரி நேராக நின்றாள்.

கடிதத்தை வாசித்துக் காட்டினேன். வியப்பு என்ற சொல் வந்த இடத்தில் முகம் மலர்ந்தது. ஒரு நொடிதான்.

“வெச்சுக்கச் சொல்லுங்க மிஸ். எனக்கென்னத்துக்குங்க அது” என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, “மிஸ், என்னோட நோட்டும் அங்கதானுங்க இருக்குது?” என்று கேட்டாள்.

“ஆமாம்.”

“அதுல இன்னும் பூஜ்யம்னுதானுங்க இருக்கும்?”

நான் கடிதத்தை மடித்தேன்.

“அந்த எடம் போனாப் போகுதுங்க மிஸ். அந்தப் பூஜ்யத்த மட்டும் அடிக்கச் சொல்லி எழுதுங்க. நாளைக்கு யாராச்சும் அந்த நோட்டப் பாத்தா, இந்தப் புள்ள பாக்காமயே எழுதிட்டா, இல்லீன்னா பாத்தத மறைச்சுப்போட்டான்னு நெனச்சுக்குவாங்க. நான் எல்லாத்தையும் பாத்தனுங்க மிஸ். ஒண்ணக்கூட விடலீங்க. எடுத்து வெக்கட்டுங்களான்னு உங்ககிட்டக் கேட்டுட்டுத்தானுங்க எடுத்தேன்.”

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. எனக்கு மறந்துபோயிருக்கும் என்று நினைத்து ஞாபகப்படுத்தினாள், அவ்வளவுதான். மணி அடித்தது. “வர்றனுங்க மிஸ்” என்று சொல்லிவிட்டுக் கிளாஸை டீக்காரரிடம் கொடுத்து உள்ளே போனாள்.

அன்று மாலையே அந்த நிறுவனத்துக்கு இரண்டாவது கடிதத்தை எழுதினேன். பூஜ்யம் போடச் சொன்னது நான், அவள் கேட்டாள், நான் சொன்னேன், நேர்காணலில் தெரியாது என்றதும் பொய். அவள் எல்லாவற்றையும் பார்த்தாள், அந்தப் பூஜ்யத்தை அடித்துவிடுங்கள். ஐந்து வரிதான் வந்தது, கிழிக்காமல் தபாலில் போட்டேன். தவறான புரிதல் என்று இந்த முறை எழுதவில்லை.